பெர்லினில் அறை கிடைத்துவிட்டது, முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துதான் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

புதுமாணவன்:
வணக்கம். முதுகலை படிக்க பெர்லின் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு வீட்டில் உள்வாடகைக்கு அறை எடுத்திருக்கிறேன். அதாவது முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருப்பவர் எனக்கு ஓர் அறையைக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர், சைக்கிள்கூட இரவல் தந்தார். ஆனால் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டுமே, அதைக் கேட்டால் மட்டும் முகம் மாறுகிறது. "பதிவு கிடையாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தேனே" என்கிறார். போட்டிருந்தது உண்மைதான். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கே போனாலும் பதிவுச் சான்று எங்கே என்கிறார்கள். அது இல்லாமல் கணக்கு திறக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கணக்கு இல்லாவிட்டால் பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்பே பணம் கட்டி, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) போட்ட என் சொந்தப் பணமே, மாதம் 992 யூரோ, கைக்கு வராது. பார்ட்-டைம் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, அங்கே வரி அடையாள எண் கேட்கிறார்கள். விசா ஜனவரியில் முடிகிறது. வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டுமாம், அந்தக் கெடுவும் போய்விட்டது.

தெரிந்தவர் மூலம் ஒருவர் 250 யூரோ கொடுத்தால் தன் முகவரியில் பதிந்துகொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?

மழைக்கோட்டு:
செய்யாதீர்கள்.

ஏழாம்வருடம்:
மேலே சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன். குடியிருக்காத வீட்டில் பதிவது சட்டவிரோதம். 2015 நவம்பரில் வந்த பதிவுச் சட்டம் இந்த முகவரி வியாபாரத்தையும் மனதில் வைத்துத்தான் கையெழுத்துப் படிவத்தைக் கட்டாயமாக்கியது. பொய் முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. அவர் பாடு அவருக்கு என்று நினைக்காதீர்கள். தப்பாகப் பதிபவருக்கும் 1,000 யூரோ வரை போடலாம்.

அதைவிடப் பெரிய தலைவலி தபால். இந்த நாட்டில் முக்கியமானது எல்லாம் உறையில்தான் வரும். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை என எதுவானாலும் வீட்டு முகவரிக்குத்தான். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு அத்தனையும் போகும். அவர் கதவைத் திறக்காவிட்டால் நீங்கள் யாரிடம் புகார் செய்வீர்கள்?

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் ஆள் ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று கேட்டீர்களா?

புதுமாணவன்:
நேரடியாகக் கேட்கவில்லை. வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்தால் பிரச்சினை என்று ஒரு முறை முணுமுணுத்தார். படிவத்தில் உரிமையாளர்தானே கையெழுத்துப் போட வேண்டும்?

ஏழாம்வருடம்:
அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தேவையில்லை. உங்களுக்கு அறையை யார் உண்மையில் கொடுத்தாரோ அவர் போட்டால் போதும், சட்டத்தின் கண்ணில் அவர்தான் வீடு கொடுத்தவர். உரிமையாளர் வேறு ஆள் என்றால் அவர் பெயரையும் படிவத்தில் எழுதுவார்கள், அவ்வளவுதான். ஒரே பக்கம். முகவரி, குடிபுகுந்த தேதி, குடியேறுபவர் பெயர், கையெழுத்து. வாடகை ஒப்பந்தத்தை நீட்டினால் மட்டும் ஏற்க மாட்டார்கள், இந்தப் படிவம்தான் வேண்டும்.

கையெழுத்துப் போடுவது அவர் உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை, அவருடைய கடமை. விளம்பரத்தில் எழுதிவிட்டால் கடமை போய்விடாது. அவர் மறுத்தால் உங்களுக்கும் ஒரு கடமை வருகிறது: தாமதிக்காமல் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். அலுவலகம் அவரிடமோ உரிமையாளரிடமோ விசாரிக்கலாம். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். கூடவே குடியிருக்க வேண்டிய வீடு அது.

வடக்குஜன்னல்:
நானும் ஒரு காலத்தில் அறையை உள்வாடகைக்கு விட்டவள் என்பதால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். அவர் உரிமையாளரிடம் அனுமதி வாங்கவில்லை, அதுதான் பயம். அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டால் அவருடைய வாடகை ஒப்பந்தமே ஆட்டம் காணும். ஆனால் அனுமதி கேட்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. வீட்டில் ஒரு பகுதியை மட்டும் விடுகிறார், ஒப்பந்தம் போட்ட பிறகு அதற்குத் தக்க காரணம் வந்திருக்கிறது (கூட இருந்தவர் காலி செய்துவிட்டார், வருமானம் குறைந்துவிட்டது என்பது போல) என்றால் அனுமதியை உரிமையாகவே கேட்கலாம். சிவில் சட்டம் 553ஆம் பிரிவு. பலருக்கு இது தெரியாமல் திருட்டுத்தனமாக விடுகிறார்கள். நானும் முதல் நான்கு மாதம் அப்படித்தான் விட்டேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி, அவரோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுத உதவுங்கள். சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

கணக்குப்பிள்ளை:
பணப் பக்கம் நான் சொல்கிறேன். வேலையில் வரி எண் இல்லாமலும் சேரலாம். எண் வராதது உங்கள் தவறால் இல்லை என்றால் மூன்று மாதம் வரை உங்களுக்குப் பொருந்தும் வரிப் பிரிவிலேயே சம்பளம் போட முதலாளிக்கு இடமுண்டு. அதற்குப் பிறகும் எண் இல்லாவிட்டால் ஆறாம் பிரிவில் போட்டுப் பிடிப்பார்கள், அதுதான் இருப்பதிலேயே கொடுமையான பிரிவு. பிடித்த கூடுதல் வரி மறுவருடம் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், ஆனால் அதுவரை பட்டினி கிடப்பது யார்?

வங்கி: பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துக் கணக்கு திறப்பவர்களும் உண்டு, வேறு இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு கேட்கும் உரிமை 2016 முதல் இருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், "பாசிஸ்கோண்டோ" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

விசா: முடியும் தேதிக்கு முன்பே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முன்பே போட்டுவிட்டால் முடிவு வரும்வரை நீங்கள் இங்கே இருப்பது செல்லும். ஒரு நாள் பிந்தினாலும் கதை வேறு.

மழைக்கோட்டு:
கெடு போனதற்காக இப்போதே அழ வேண்டாம். பெர்லினில் இரண்டு வாரத்துக்குள் டெர்மின் (அலுவலகத்தில் சந்திப்பு நேரம்) கிடைப்பதே அரிது, அது அலுவலகத்துக்கும் தெரியும். இன்றே டெர்மின் எடுத்து அந்த உறுதி மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்து அலுவலகம்தான் என்றில்லை, நகரத்தில் எந்த பூர்கர்அம்ட்டிலும் (இந்தப் பதிவைச் செய்யும் குடிமக்கள் அலுவலகம்) செய்யலாம். யாராவது ரத்து செய்தால் காலையில் இடம் திறக்கும். அரசு அலுவலகங்களுக்கான பொது உதவி எண் 115க்கு போன் செய்தும் கேட்கலாம்.

புதுமாணவன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வடக்குஜன்னல் அக்கா சொன்னதுதான் நடந்தது. அவரோடு இருந்தவர் ஆகஸ்டில் காலி செய்துவிட்டாராம், தனியாக வாடகை கட்ட முடியவில்லை. உரிமையாளருக்கு எழுதினால் தன்னையே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம், ஜெர்மனில் எழுதியது அவர், என் வேலை தேநீர் போடுவது. ஆறாம் நாள் அனுமதி வந்தது. அன்றே கையெழுத்துப் போட்டார். ஊரின் இன்னொரு மூலையில் டெர்மின் கிடைத்தது. பதிவுக்கு எட்டு நிமிடம்தான் ஆனது, தாமதத்தைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஏழாம்வருடம்:
மகிழ்ச்சி. தபால்பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

புதுமாணவன்:
இருக்கிறது அண்ணா, நானே எழுதி ஒட்டினேன்.

புதுமாணவன்:
மறுபடியும் நான்தான். ஐந்து வாரம் ஆகிறது, வரி எண் வரவில்லை. வங்கி அட்டையும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விட்டதாம். பெட்டியில் பெயர் இருக்கிறதே!

ஏழாம்வருடம்:
எந்தப் பெயர்?

புதுமாணவன்:
என் பெயர்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஐயோ, புரிந்துவிட்டது.

வடக்குஜன்னல்:
நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் இது நடக்கிறது. இங்கே தபால்காரர் தேடுவது குடும்பப் பெயரை. அவரைப் பொறுத்தவரை நீங்கள் உங்கள் அப்பா. பெட்டியில் அப்பா பெயர் இல்லாவிட்டால் அந்த வீட்டில் நீங்கள் இல்லை, கடிதம் திரும்பிவிடும். என் கணவரை மருத்துவமனையில் மாமனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், முறை போய்விட்டது.

பாஸ்போர்ட்டில் இருக்கும் இரண்டு பெயரையும் அதே எழுத்தில் ஒட்டுங்கள். வாசல் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வரி எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லி மத்திய வரி அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. போனிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள், மறுபடியும் தபால்தான். ஆகவே முதலில் பெட்டி, அப்புறம் படிவம். வேலை கொடுத்தவர்களிடம் விண்ணப்பித்ததைக் காட்டுங்கள், மூன்று மாதக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக ஓடட்டும்.

புதுமாணவன்:
வந்துவிட்டது, 11 இலக்கம். அப்பா பெயருக்கு. வீட்டுக்கு போன் செய்து "உங்களுக்கு ஜெர்மனியில் வரி எண் கொடுத்திருக்கிறார்கள்" என்றேன், கொஞ்ச நேரம் நம்பினார்.

அதே நாள் இன்னோர் உறையும் வந்தது. ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்கிறார்கள். என்னிடம் டிவியே இல்லையே?

மழைக்கோட்டு:
டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை, ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம். உங்கள் ஆள் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்புங்கள், உங்களைத் தனியாகக் கேட்க மாட்டார்கள். பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.