வனசுஷவாவா, ஹெராக்ளியமா? காய் பார்த்துச் சொல்லுங்கள்

மூன்று வருஷமாக ஒரே செடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கொடைக்கானல் மேல்மலைப் புல்வெளி, சுமார் 2,000 மீட்டர். செப்டம்பரில் பூக்கிறது, கொத்தமல்லிப் பூ மாதிரி வெள்ளைக் குடை. இலை பறவைக் கால் விரலாகப் பிரிந்திருப்பதால் வனசுஷவா பெடாட்டாவோ என்று சந்தேகம். கேரட் குடும்பம், அந்தப் பேரினத்தில் இந்த ஒரே இனம்தான். தாவரவியலாளர் ராபர்ட் வைட் இதை அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான ஹெராக்ளியத்தில் வைத்திருந்தார்; 1974-ல் முகர்ஜியும் கான்ஸ்டன்ஸும் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள்.

செடியை அடையாளம் காட்டும் செயலியில் போட்டால் படத்துக்கு ஒரு பெயர் (ஒருமுறை கொத்தமல்லியே வந்தது!). உலர் மாதிரி ஸ்கேன்களில் காய் உள்ள தாள் சிக்கவில்லை.

என் காய் தட்டை. லென்ஸில் பார்த்தால் பழுப்பு எண்ணெய்க் குழல்கள் உச்சியிலிருந்து இறங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. இதை வைத்தே ஹெராக்ளியம் என்று முடிவு செய்யலாமா?