பப்பின் பின்தோட்டத்தில் இரவு 11 மணி வரை மது விற்க விண்ணப்பம்: கவுன்சிலுக்கு என்ன எழுதலாம்?

கேள்வி

வணக்கம். இலண்டன் புறநகர் ஒன்றில் பதினொரு வருடங்களாகக் குடியிருக்கிறோம். எங்கள் வேலிக்கு அப்பால் உள்ள பப்பின் வாசலில் சென்ற வாரம் வெளிர்நீலத் தாளில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பின்தோட்டத்தையும் உரிமப் பகுதிக்குள் சேர்த்து, அங்கே தனியாக ஒரு பார் அமைத்து, இரவு 11 மணி வரை மது விற்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். இப்போது 9 மணிக்கெல்லாம் தோட்டம் அடங்கிவிடுகிறது. என் மகள் உறங்கும் அறையின் யன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. கணவர் அதிகாலை 4 மணிக்கு வேலைக்குப் புறப்படுகிறார்.

பப்பை நடத்துபவர் நல்ல மனிதர், அவரைப் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை. ஆட்சேபித்தால் எங்கள் பெயர் அவருக்குத் தெரியவருமா? குடியிருப்புகளுக்கு நடுவே குடியை வளர்ப்பதே தவறு என்று எழுதினால் ஏற்பார்களா? எங்களைப் போன்ற ஒரு குடும்பம் எழுதுவதால் ஏதாவது மாறுமா?

பதில் 1

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் பலர் எழுதாமல் விடுவதற்குக் காரணம் அதுதான். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, பொருத்தமான ஆட்சேபம் ஒன்றுகூட வராவிட்டால், கவுன்சில் அந்த விண்ணப்பத்தை அனுமதித்தே ஆகவேண்டும். மறுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒரேயொரு கடிதம் வந்தாலும், எல்லாத் தரப்பும் உடன்பட்டாலன்றி, விசாரணை நடத்தவேண்டும். எனவே உங்கள் குடும்பத்தின் கடிதம் மட்டுமே போனாலும் அதற்கு முழுப் பெறுமதி உண்டு. விண்ணப்பம் கொடுக்கப்பட்ட மறுநாளிலிருந்து 28 நாள் அவகாசம் இருக்கிறது, கடைசித் திகதி அந்த நீலத் தாளிலேயே இருக்கும்.

குடி தவறு என்று எழுதவேண்டாம். சட்டம் நான்கு நோக்கங்களை மட்டுமே பார்க்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுத்தல், பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காத்தல். வீட்டின் விலை குறையும், இந்த ஊருக்கு இன்னொரு பார் தேவையில்லை என்பவையெல்லாம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் ஒதுக்கப்படும். உங்களுடையது பொதுத்தொல்லை சார்ந்தது. அதையே விரிவாக எழுதுங்கள். வேலியிலிருந்து யன்னல் எத்தனை மீற்றர், எந்தெந்த நாட்களில், எத்தனை மணிக்கு என்ன சத்தம் கேட்டது என்று இன்றிரவிலிருந்தே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கடிதத்தில் சொன்னதை விசாரணையில் விரித்துச் சொல்லலாம், ஆனால் சொல்லாத புதிய காரணத்தை அங்கே கொண்டுவர முடியாது.

எங்கள் தெருவில் இதேபோல ஒரு விண்ணப்பம் வந்தபோது ஆறு வீட்டார் எழுதினோம். மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உபகுழு எங்களைப் பொறுமையாகக் கேட்டது. முழுவதையும் மறுக்கச் சொன்னவர்களைவிட, 9.30க்குத் தோட்டத்தை மூடவேண்டும், ஒலிபெருக்கி கூடாது, போத்தல்களை இரவில் தொட்டியில் கொட்டக்கூடாது என்று குறிப்பாகக் கேட்டவர்களின் பேச்சுக்கே பலன் கிடைத்தது.

பெயரும் முகவரியும் பொதுவாக விண்ணப்பதாரருக்குக் காட்டப்படும். உண்மையான அச்சத்துக்குக் காரணம் இருந்தால் மட்டுமே மறைப்பார்கள்.

பதில் 2

நான் இருபது வருடங்களாக மது உரிமம் உள்ள கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பதாரர் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சட்டம் கட்டுப்படுத்துவது மது விற்பனையை. குடிப்பதற்கென்று தனி உரிமம் இல்லை. தோட்டத்து பார் மறுக்கப்பட்டாலும், உள்ளே வாங்கிய கிளாஸோடு வெளியே வந்து அமர்வதைத் தடுக்கும் நிபந்தனை இப்போதைய உரிமத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம். அந்த 9 மணி உரிமத்தில் எழுதப்பட்டதா, அல்லது அவருடைய நல்ல பழக்கமா? கவுன்சிலின் உரிமப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

கடிதம் அனுப்பும் முன் ஒரு மாலை அவரிடம் போய்ப் பேசுங்கள். கோடையில் நான்கு மாத வருமானத்தை நம்பி வருடம் முழுவதும் பப்பைத் திறந்து வைத்திருப்பவராக இருக்கலாம். அவருக்கும் விசாரணை என்பது செலவும் பதற்றமும்தான். நிபந்தனைகளுக்கு அவர் எழுத்தில் உடன்பட்டால் உங்கள் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் வாய்ச்சொல்லை நம்பிக் கடைசித் திகதியைத் தவறவிடாதீர்கள். கவுன்சிலின் சுற்றாடல் சுகாதார அலுவலருக்கும் தெரிவியுங்கள்; சத்தம் பற்றிய அவருடைய கருத்துக்குக் குழு மிகுந்த மதிப்புக் கொடுக்கும்.

பதில் 3

முன்பக்க நடைபாதையிலும் மேசைகள் போடுகிறார்களா? அதற்கு வேறு அனுமதி வேண்டும். 2020இல் தற்காலிகமாக வந்த நடைபாதை உரிமம் 2024 மார்ச் 31 முதல் நிரந்தரமாகிவிட்டது. அதில் கருத்துச் சொல்ல 14 நாட்கள்தான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பதிவேட்டைப் பார்த்தோம்: 9 மணிக்குப் பின் தோட்டத்தைப் பயன்படுத்தக்கூடாது என்பது உரிமத்திலேயே நிபந்தனையாக இருக்கிறது, அதை நீக்கவும் இந்த விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறார்கள். நேற்று அவரிடம் போய்ப் பேசினோம். வெள்ளி, சனி மட்டும் 10 மணி, வெளியே இசை இல்லை என்றால் தனக்குச் சம்மதம் என்றார். கவுன்சிலுக்கும் அதையே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கடிதத்தை இன்று அனுப்பிவிட்டோம். அவருடைய கடிதம் போய்ச் சேர்ந்தது உறுதியானால் மீளப்பெறுவோம்.

பதில் 2

நல்லது. ‘வெளியே இசை இல்லை’ என்பதோடு, தோட்டத்துப் பக்கக் கதவுகளை மூடிவைக்க வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். உள்ளே இசை ஓடும்போது கதவு திறந்திருந்தால் சத்தம் உங்கள் யன்னலுக்குத்தான் வரும்.