புதுப்பிப்பு: வீட்டுல அனானிமஸ் மெயில் ரிலே, செலவு உண்மையில எங்க ஆகுது

போன மாசம் கேட்டிருந்தேன்ல, வேளச்சேரி வீட்டுல சும்மா கிடக்கற டெஸ்க்டாப்ல மிக்ஸ்மாஸ்டர் ரிலே (அனுப்பினது யாருன்னு தெரியாம மெயில கைமாத்தி விடற சர்வர்) ஓட்டினா கட்டுபடியாகுமான்னு. ஓட்டிப் பாத்துட்டேன்.

டெஸ்க்டாப் வேண்டாம்ங்க. 60 வாட் இழுக்குது, ராத்திரி பகலா ஓடினா ரெண்டு மாச பில்லுல 86 யூனிட், இலவச 100 யூனிட்ல பெரும்பகுதி அதுக்கே போயிடுது. ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் ராஸ்பெர்ரி பை (கையடக்க குட்டி கம்ப்யூட்டர்) வாங்கி மாத்திட்டேன், 5 வாட்தான், ரெண்டு மாசத்துக்கு 7 யூனிட் வருது. வேகம் தாராளமா போதும், ரிலே எப்படியும் மெயில உடனே அனுப்பாது, கொஞ்சம் சேத்து வெச்சு வரிசைய கலைச்சுதான் அனுப்பும்.

டேட்டாவும் பிரச்சனை இல்ல. அளவ வெச்சு எது யாரோடதுன்னு பிடிக்கக்கூடாதுன்னு எல்லா மெசேஜும் ஒரே சைஸ், சுமார் 28 கேபி. ஒரு நாளைக்கு 1000 மெசேஜ் வந்தாலும் உள்ள வெளிய சேத்து 56 எம்பி, மாசத்துக்கு 2 ஜிபி கூட ஆகாது.

காசு போறது கனெக்‌ஷன்லதான். என் பிராட்பேண்ட்ல ஒரே பப்ளிக் ஐபிய (இன்டர்நெட்ல தெரியற முகவரி) பல வீட்டுக்கு பங்கு போட்டு தராங்க, வெளிய இருந்து யாரும் நம்ம மெஷினுக்கு வரவே முடியாது, மெயில் சர்வருங்க மெயில் பரிமாறிக்கற போர்ட் 25-ம் அடைப்பு. ஸ்டேடிக் ஐபி (நமக்குன்னே மாறாத முகவரி) கேட்டா பிசினஸ் பிளான் எடுங்கறாங்க, மாச பிராட்பேண்ட் கட்டணம் கிட்டத்தட்ட டபுள். அதையும் எடுத்துட்டேன், எனக்கு இது முக்கியம். ஆனா ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிய வெச்சு சர்வர் பேர கண்டுபிடிக்கற பதிவு) இன்னும் வைக்கல, அது இல்லாம பெரிய மெயில் சர்வர் பலதும் நம்ம மெயில திருப்பி அனுப்பிடுது, அதனால இப்போதைக்கு மத்த ரிலேக்கு மட்டும் கைமாத்தி விடற மாதிரி வெச்சிருக்கேன். மெயில் வாங்கறவங்ககிட்ட நேரா போகாததால, புகார் வராம இருக்கறதுக்கும் அதுதான் நல்லது.

சின்ன பிளான்லயே ரிவர்ஸ் டிஎன்எஸ் வெச்சு தர்றவங்க சென்னைல யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.