5-ம் பருவப் பட்டுப்புழு சுருங்கிக் கிடக்குது, மல்பெரித் தழை தின்னல. நோயா பூச்சி மருந்தா? யாராச்சும் சொல்லுங்க

தழைக்காரன்:
பாலக்கோடு பக்கம்ங்க. 150 முட்டைத் தொகுதி எறக்கியிருக்கேன், நாலாவது தோல் உரிச்சு இன்னிக்கு 3-ம் நாள். நேத்து ராத்திரி 9 மணிக்கு தழை போடறப்ப சரசரன்னு தின்னுட்டு இருந்துச்சு, காலைல போய்ப் பாத்தா வாசப்பக்கம் ரெண்டு அடுக்குல சத்தமே இல்ல. புழு பாதியா சுருங்கிக் கெடக்குது, சிலது வாயில பச்சைத் தண்ணி. மத்த அடுக்கு நல்லாத்தான் இருக்குது. பால் புழு நோயா? மத்ததுக்கும் பரவுமா? கையும் ஓடல காலும் ஓடல.

மாரண்டஹள்ளி அக்கா:
பால் புழுன்னா கணுவுக்கு கணு வீங்கி பளபளன்னு இருக்கும் தம்பி, கால்ல குத்தினா பால் மாதிரி வடியும். நீ சொல்றது அது இல்ல. சூடு தாங்காம வர்ற வாடல் நோயா இருக்கும், ஜன்னல தொறந்து வுடு.

ஓசூர்_பட்டு:
மருந்துதான். தலையத் தூக்கி ஆட்டுதா பாருங்க. மருந்துன்னா மண்டைய ஆட்டாம சாகாது.

தழைக்காரன்:
அதாங்க குழப்பமே, ஆட்டவே இல்ல. தொட்டா தொளதொளன்னும் இல்ல, ரப்பர் மாதிரி கெட்டியா இருக்குது. இன்னொண்ணு, நடுவுல லேசா தொட்டா தொட்ட எடம் மட்டும் கொஞ்சம் இழுக்குது, தலையோ வாலோ கண்டுக்கவே மாட்டேங்குது.

பூச்சி வாத்தியார்:
பென்னாகரத்துல விலங்கியல் எடுக்கறேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்கங்க. கெட்டியா இருக்குதுன்னு சொன்னீங்களே, அதுலயே பதில் இருக்கு. வாடல் நோய்ல புழு தொவண்டு போகும்.

புழுவுக்கு மூளை தலையில மட்டும்னு நெனைக்காதீங்க. வயித்துப்பக்கமா ஒரு நரம்பு வடம் ஓடுது, அதுல கணுவுக்கு ஒரு முடிச்சு மாதிரி வரிசையா இருக்கு, அந்தந்தக் கணு தசைய அந்த முடிச்சே பாத்துக்கும். நீங்க தொட்ட எடம் மட்டும் இழுத்தது அதனாலதான். அப்புறம் நமக்கு நரம்பு தசைக்கு சேதி சொல்றது அசிட்டைல்கோலின்ங்கற பொருள வச்சு, பூச்சிக்கு அந்த எடத்துல குளூட்டமேட். சில்லி சிக்கன்ல போடற அஜினமோட்டோல இருக்கே, அதேதான். பூச்சிக்கும் அசிட்டைல்கோலின் உண்டு, ஆனா அது நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல.

பழைய பாஸ்பரஸ் வகை மருந்து அந்த அசிட்டைல்கோலின அழிக்கிற நொதியக் கட்டிப் போட்டுடும், சேதி நிக்காம போயிட்டே இருக்கும், புழு மண்டைய ஆட்டி முறுக்கும். ஓசூர்க்காரர் சொன்னது அந்த வகைக்கு சரி. இப்ப தக்காளிக்கு காய்ப்புழுவுக்கு அடிக்கிறாங்களே குளோரான்ட்ரானிலிப்ரோல், அது நேரா தசைக்குள்ளயே வேலை செய்யும். தசை சுருங்கணும்னா உள்ள சேத்து வச்சிருக்கிற கால்சியம் வெளிய வரணும், அந்தக் கதவ மூட முடியாம தொறந்து வச்சிடும். சுருங்கின தசை விரியாது, தாடை அசையாது, தின்னாது. புழுவுக்கு எலும்பு இல்லியே, உள்ள இருக்கிற தண்ணி அழுத்தத்துலதான் நிமிந்து நிக்குது, வாந்தியில அதுவும் போயிட்டா இன்னும் குட்டையாயிடும்.

பக்கத்துல தக்காளி இருக்கா?

தழைக்காரன்:
இருக்குதுங்க, வரப்புக்கு அந்தாண்ட பங்காளி தோட்டம். முந்தாநேத்து அடிச்சாராம். இப்பத்தான் ஓடிப்போய் டப்பாவ பாத்தேன், நீங்க சொன்ன பேருதான். நேத்து வரப்போர வரிசையிலதான் தழை வெட்டினேன், அந்த ரெண்டு அடுக்குக்கு. தழைய கழுவிப் போட்டா ஆவுமா?

பூச்சி வாத்தியார்:
வேண்டாம். கழுவினாலும் முழுசா போகாது, ஈரத்தழை வேற புழுவுக்கு ஆகாது. தொத்து நோய் இல்ல, ஆனா அடுக்குல கெடக்கிற பழைய தழைய மொத்தமா எடுத்துடுங்க, செத்தத பொறுக்கி புதைங்க, தப்பினதுக்கு உள்பக்கத் தழை போடுங்க. எனக்கு இன்னும் நூத்துக்கு நூறு உறுதியில்ல, அதனால நல்ல அடுக்குலேருந்து 20 புழு எடுத்து, 10-க்கு வரப்புத் தழை, 10-க்கு உள்பக்கத் தழை தனித்தனி தட்டுல குடுத்துப் பாருங்க.

மாரண்டஹள்ளி அக்கா:
நான் தப்பா சொல்லிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத. வரப்போரம் நாலு வரிசைய இந்த தடவ தொடாத, வெட்டி எறிஞ்சுட்டு புது துளிர் வந்தப்புறம் பாத்துக்கலாம். சுருங்கினது கூடு கட்டும்னு நம்பி வச்சிருக்காத.

தழைக்காரன்:
சாயங்காலம் 6 மணி. வரப்புத் தழை தின்ன பத்துல ஏழு வாயத் தொறக்கல, ரெண்டு இப்பவே குட்டையாயிடுச்சு. உள்பக்கத் தழை போட்ட பத்தும் காம்பு வரைக்கும் தின்னு முடிச்சிருச்சு. ரெண்டு அடுக்கு போச்சு, மிச்சம் பத்து அடுக்கு நிக்குது. பங்காளிகிட்ட பேசிட்டேன், அடுத்த தடவ மருந்து அடிக்கறதுக்கு முந்தின நாள் போன் பண்றேன்னாரு, தக்காளி ஒரு கூடை வேற குடுத்து வுட்டாரு, அத வாங்கறதா வேண்டாமான்னு வூட்ல ஒரே சண்டை.