நாய் வீட்டிலேயே குட்டி போடும்போது: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

நாய்க்குப் பிரசவம் பார்ப்பதில் பாதி வேலை கடிகாரம் பார்ப்பதுதான். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். பலமான முக்கல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, குட்டி எப்போது விழுந்தது, அதற்கான நஞ்சு (நஞ்சுக்கொடி) விழுந்ததா என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். நடுராத்திரியில் டாக்டரைக் கூப்பிட்டு "ரொம்ப நேரமா முக்குது" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "2.10-லிருந்து விடாம முக்குது, இப்ப 2.40" என்றால் அதை வைத்தே முடிவு சொல்லிவிடுவார்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆனால் இணை சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் சில நாள் முன்பின் ஆகும். அதனால் தேதியைவிட உடல் சூட்டை நம்புங்கள் (கீழே எல்லா அளவும் ஃபாரன்ஹீட்). 57-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101-க்கும் 102.5-க்கும் இடையில் இருக்கும். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். இந்த இறக்கம் சில மணி நேரம்தான் நீடிக்கும், பிறகு சூடு தானாக ஏறிவிடும். ஒரு வேளை பார்க்கத் தவறினால் அது கண்ணில் படாமலே போய்விடும். இறங்கி ஒரு நாள் கழிந்தும் வலி வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

55 நாள் தாண்டிய பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். குட்டிகளின் எலும்பு அப்போதுதான் எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். வயிற்றில் எத்தனை என்று தெரியாதவருக்கு, பிரசவம் முடிந்ததா, பாதியில் நின்றுவிட்டதா என்பதும் தெரியாது. ஒரே குட்டிதான் என்றால் முன்கூட்டியே டாக்டரோடு பேசி வையுங்கள். ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்துவிடும், வலியும் தானாகத் தொடங்காமல் போகலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களில் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். அவற்றுக்கு வீட்டில் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

* * *

முதல் கட்டத்தில் பலர் வீணாகப் பதறுகிறார்கள். மூச்சு இரைக்கும், நடுங்கும், துணியைப் பிறாண்டும், சாப்பாட்டை ஒதுக்கும், சிலது வாந்தியும் எடுக்கும். 6 முதல் 12 மணி நேரம், முதல் ஈற்றில் சில சமயம் அதற்கு மேலும் இப்படியே போகும். இந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது வெளிச்சத்தைக் குறைத்து, ஆள் நடமாட்டத்தைக் குறைத்து, தண்ணீர் வைப்பது மட்டும்தான். நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் பயத்தில் வலி நின்றே போகும்.

வயிறு இறுகி, வால் தூக்கி, பலமாக முக்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான கணக்கு. உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டிய நேரங்கள் இவை:

– 20, 30 நிமிடம் விடாமல் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை.
– உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் 2 மணி நேரமாக ஒன்றும் நடக்கவில்லை.
– முதல் குட்டிக்கு முன்னாலேயே கரும்பச்சை நீர் வருகிறது, பின்னாலேயே குட்டி வரவில்லை. அந்தப் பச்சை, நஞ்சு கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டதற்கு அடையாளம். அப்படிப் பிரிந்தால் குட்டிக்கு ஆக்சிஜன் நின்றுபோகும். முதல் குட்டி விழுந்த பிறகு அதே நிறம் வந்தால் பயம் இல்லை.
– தாய் துவண்டு விழுகிறது, அல்லது சிவப்பு ரத்தம் நிற்காமல் வருகிறது.

"வலி ஊசி" என்று யாராவது ஆக்சிடோசின் வாங்கி வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். குட்டி குறுக்கே மாட்டியிருக்கும்போது அதைப் போட்டால் கர்ப்பப்பையே கிழிந்துவிடும்.

* * *

பின்னங்கால் முதலில் வந்தாலே ஆபத்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நாய்க்கு அப்படி இல்லை. பத்தில் நாலு குட்டி அளவுக்குப் பின்னங்கால் நீட்டித்தான் வரும், அது இயல்பே. கால் இரண்டும் முன்பக்கம் மடங்கி, வாலும் பிட்டமும் மட்டும் வந்து அடைப்பதுதான் சிக்கல்.

பாதி வெளியே வந்து நின்றுவிட்ட குட்டிக்குத்தான் கை கொடுக்க வேண்டும். வழுக்காமல் இருக்கச் சுத்தமான துணியால் இடுப்பையோ தோளையோ சுற்றிப் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், தாயின் குதிகாலை நோக்கிக் கீழ்ப்பக்கமாக வளைத்து இழுங்கள். முக்கல் நின்றால் இழுப்பதையும் நிறுத்துங்கள், பிடியை மட்டும் விடாதீர்கள். தலையை மட்டுமோ ஒற்றைக் காலை மட்டுமோ பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும். இரண்டு மூன்று முக்கலில் வரவில்லை என்றால் அதற்கு மேல் நம் கை வேலை இல்லை.

* * *

குட்டி விழுந்ததும் தாயே பனிக்குடத்தைக் கிழித்து நக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் பாருங்கள். திரும்பிப் பார்க்கவே இல்லை என்றால் நீங்களே மூக்குப் பக்கம் சவ்வைக் கிழித்து, துணியால் வாயைத் துடைத்து, ரப்பர் உறிஞ்சியால் முதலில் வாயையும் பிறகு மூக்கையும் உறிஞ்சுங்கள். பிறகு தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி டவலில் வைத்து முதுகையும் விலாவையும் நன்றாகத் தேயுங்கள். மெதுவாகத் தடவினால் போதாது, தோல் நகரும் அளவுக்குத் தேய்க்கவேண்டும். நாக்கைப் பாருங்கள்: நீலமோ சாம்பலோ ஆக இருந்தது இளஞ்சிவப்பாக மாறி, ஒரு கீச்சுச் சத்தம் வந்தால் மூச்சு வந்துவிட்டது. மார்பை இரண்டு விரலால் தொட்டுப்பாருங்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தால் 20 நிமிடமானாலும் விடாதீர்கள்.

குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், மூளைக்குள் ரத்தம் கசியும்.

தொப்புள்கொடியைத் தாய் கடிக்கவில்லை என்றால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, நுனியில் அயோடின் வையுங்கள். கொடியை வயிற்றைவிட்டு வெளிப்பக்கமாக இழுத்துவிடாதீர்கள், தொப்புளில் குடலிறக்கம் வரும். நஞ்சு ஒன்றிரண்டைத் தாய் தின்றால் பரவாயில்லை. அத்தனையும் தின்றால் வயிற்றுப்போக்கு வரும்.

* * *

அடுத்து, தாயும் குட்டிகளும் படுக்கும் பெட்டி. தாய் காலை நீட்டிப் படுக்கும் அகலம் வேண்டும். உள்சுவரைச் சுற்றித் தரையிலிருந்து சுமார் 4 அங்குல உயரத்தில் ஒரு கட்டை அடியுங்கள். தாய் சுவரில் சாயும்போது, பின்னால் மாட்டிய குட்டி நசுங்காமல் அந்த இடைவெளியில் தப்பும்.

முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. அதனால் படுக்கும் இடம் 85 முதல் 90 டிகிரி இருக்கவேண்டும். வெதுவெதுப்பைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். குட்டிகள் குவியலாக ஏறிக் கத்தினால் குளிர், தனித்தனியாகச் சிதறிக் கத்தினால் சூடு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. உடல் சூடு 94-க்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே தங்கிவிடும். முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்து மெல்லச் சூடேற்றி, பிறகுதான் பால்.

சீம்பால் முதல் 12 மணி நேரத்துக்குள் போகவேண்டும். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள நோயெதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சாது. வெவ்வேறு நிற நூல் கட்டி, கிராம் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதன் பிறகு தினமும் ஏறி, 7 முதல் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாகவேண்டும். ஏறாத குட்டி, கத்தாமல் ஒதுங்கிக் கிடந்தாலும் ஆபத்தில்தான் இருக்கிறது.

* * *

இன்னும் ஒன்று, தாயைப் பற்றி. சினையாக இருக்கும்போது கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் சுரப்பி தூங்கிவிடும். பால் பெருகும் நாளில், முக்கியமாக ஈன்ற 2, 3 வாரத்தில், ரத்தத்தில் கால்சியம் சட்டென்று விழும். சிறிய இனம், நிறையக் குட்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இருப்புக்கொள்ளாமல் அலையும், மூச்சு இரைக்கும், கால் விறைக்கும், பிறகு வலிப்பு. கால் விறைப்பைப் பார்த்ததுமே குட்டிகளைப் பிரித்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாற்றமடிக்கும் கசிவும் 103-க்கு மேல் காய்ச்சலும் வந்தால் கர்ப்பப்பையில் சீழ். மடியில் ஒரு காம்பு மட்டும் சிவந்து, கல்லாக இறுகிச் சுட்டால் அது மடிவீக்கம். தினமும் ஒவ்வொரு காம்பாகத் தொட்டுப்பாருங்கள்.