ஹெட்போனில் சத்தம் வரவில்லை: தேடி அலைந்த கதைகள்

ராஸ்பெரி பை என்பது லினக்ஸில் ஓடும், கையளவு போர்டுக் கணினி. அதில் சத்தத்துக்காகத் திண்டாடியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சொன்னவை இவை. * வரும் இடத்தில் பேசுபவர் மாறுகிறார்.

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஒரு மாதம் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். படிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் ஒலிநூல்களை ஒரு ராஸ்பெரி பை 4-இல் ஏற்றி, ஒரு பட்டன் வைத்து, ஹெட்போனை மாட்டிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள் அழகாக ஓடியது. மூன்றாம் நாள் இரவு, "கதை நின்னு போச்சுப்பா" என்று கூப்பிட்டார்.

ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன், வேறு கோப்பைப் போட்டுப் பார்த்தேன், பிளேயரை நீக்கிவிட்டுத் திரும்பவும் நிறுவினேன். இரண்டு மணி நேரம் போனது. அதற்குப் பிறகுதான், என் நிரலை ஒதுக்கிவிட்டு, ஒலிக் கோப்பை ஓட்டும் ஏபிளே (aplay) கட்டளையைக் கையால் ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. உடனே 'பிழை 524' என்று வந்தது. பின்னணியில் ஓடிய நிரல் அந்தச் செய்தியை எனக்குக் காட்டவே இல்லை. அதை முதலிலேயே செய்திருந்தால் அம்மா அன்றைக்கு நேரத்தோடு தூங்கியிருப்பார்.

ஏபிளேயோடு சிறிய எல் சேர்த்துக் (aplay -l) கொடுத்தால் சவுண்ட் கார்டுகளின் பட்டியல் வரும். முன்பு 0 ஆக இருந்த ஹெட்போன் இப்போது 2. 0-இல் திரையை மாட்டும் எச்டிஎம்ஐ உட்கார்ந்திருந்தது. டிரைவர்கள் எந்த வரிசையில் ஏறுகின்றனவோ அந்த வரிசையில்தான் கார்டுகளுக்கு எண் கிடைக்கும். மறுபடி பூட் ஆகும்போது அது மாறலாம். நானோ, ஒலி எந்தக் கார்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஏசவுண்ட்.கான்ஃப் கோப்பில் (/etc/asound.conf) 0 என்று எழுதி வைத்திருந்தேன். திரை எதுவும் மாட்டாத எச்டிஎம்ஐ பக்கம் ஒலியை அனுப்பினால் போர்டு 524 என்று சொல்லி மறுத்துவிடும். எண்ணை எடுத்துவிட்டு, பட்டியலில் இருந்தபடியே 'ஹெட்போன்ஸ்' என்ற பெயரை எழுதினேன். அதன் பிறகு எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மாறவில்லை.

அப்புறமும் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஒலி அளவை மாற்றும் ஏமிக்சர் (amixer) கட்டளையில் 50 விழுக்காடு வைத்திருந்தேன். பாதி இருக்கிறதே, போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த ஜாக்கின் அளவுகோல் டெசிபெலில் சுமார் −102-இல் தொடங்கி +4 வரை போகிறது. அதில் பாதி என்றால் ஏறக்குறைய −49. காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் எட்டாது. கட்டளையில் பெரிய எம் சேர்த்துக் (amixer -M) கொடுத்தால் விழுக்காடு காதுக்கு ஏற்றபடி கணக்காகும். அதையே திரையில் கம்பங்களாகக் காட்டும் ஆல்சாமிக்சரை (alsamixer) திறப்பவர்கள் எஃப்6 அழுத்தி ஹெட்போன் கார்டைத் தேர்ந்தெடுத்த பிறகு பாருங்கள். கம்பத்தின் கீழே 'எம்எம்' என்று இருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை ஒருமுறை தட்டினால் திறந்துவிடும்.

டெஸ்க்டாப்போடு ஓட்டுபவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. 2023-இல் வந்த புக்வர்ம் என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து அங்கே ஒலியைப் பிரித்து அனுப்புவது பைப்வயர் என்ற மென்பொருள்தான். டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் (wpctl status) கட்டளையைக் கொடுத்து, நட்சத்திரக் குறி எந்த வெளியீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

*

எனக்கு நடந்தது வேறு. பாட்டு ஓடிக்கொண்டிருந்த போர்டில் டபிள்யூஎஸ்2812 என்ற நிறம் மாறும் எல்இடி விளக்குப் பட்டை ஒன்றை ஜிபிஐஓ 18 என்ற பின்னில் இணைத்தேன். பாட்டைப் போட்டதும் விளக்குகள் கண்டபடி நிறம் மாறின, ஹெட்போனில் கரகரவென்று இரைச்சல். சாலிடர் சரியில்லை என்று நினைத்து மூன்று முறை பிரித்து ஒட்டினேன். ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. ஹெட்போன் ஜாக்குக்கு ஒலியை உருவாக்குவதும் பிடபிள்யூஎம் (துடிப்புகளின் அகலத்தை மாற்றிச் சைகை அனுப்பும் சுற்று), 18-இல் அந்தப் பட்டையை ஓட்டுவதும் அதே பிடபிள்யூஎம். ஒன்று ஓடினால் மற்றது கெடும். பட்டையின் டேட்டா கம்பியை, எஸ்பிஐ என்ற வேறொரு தொடர்பு வழிக்குரிய ஜிபிஐஓ 10-க்கு மாற்றினேன், இரண்டும் ஒழுங்காகிவிட்டன. இப்படிப்பட்ட பட்டைக்கான வழிகாட்டிகள் பலவற்றில் 'ஆடியோவை அணைத்துவிடு' என்று ஒரு வரி இருக்கும். காரணம் தெரியாமல் அதை அப்படியே செய்தால், பிறகு ஒருநாள் ஏபிளே பட்டியலில் ஹெட்போனையே காணோமே என்று தேட வேண்டிவரும்.

*

என் கதையில் லினக்ஸ் மேல் குற்றமே இல்லை. பழைய ஃபோனோடு வந்த ஹெட்செட்டை மாட்டினேன். இசை கேட்டது, ஆனால் பாடுபவரின் குரல் மட்டும் கரைந்துபோய், எங்கோ தூரத்தில். தற்செயலாக மைக் பட்டனை அழுத்தினேன், குரல் பளிச்சென்று வந்தது. விட்டதும் போய்விட்டது.

நான்கு பட்டை பிளக்குகளில் இரண்டு ஒழுங்கு உண்டு. போர்டின் ஜாக்கில் முனையிலிருந்து இடது, வலது, கிரவுண்ட், கடைசியாக வீடியோ. அந்தப் பழைய ஹெட்செட்டில் கிரவுண்ட் கடைசியில், மைக் அதற்கு முன்னால். கிரவுண்ட் சேராவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதில் விழும். இரண்டிலும் சமமாகப் பதிவான குரல் ஒன்றையொன்று அழித்துவிடும். பட்டனை அழுத்தும்போது மைக்கும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்வதால் குரல் திரும்பி வருகிறது. மூன்று பட்டை பிளக் உள்ள சாதாரண ஹெட்போனை மாட்டினேன், அவ்வளவுதான்.

*

கட்டிலருகே வைத்தவருக்கு ஒரு வார்த்தை. நிரலைப் பின்னால் சர்வீஸாக, வேறொரு பயனர் பெயரில் ஓட்டினால், அந்தப் பயனரை ஆடியோ குழுவில் சேர்த்துவிடுங்கள். கையால் ஓட்டினால் பாடுகிறது, சர்வீஸாக ஓட்டினால் ஊமை என்று நான் ஒரு வாரம் திண்டாடினேன்.

*

சேர்த்துவிட்டேன், நன்றி. இருட்டில் பட்டன் தெரியவில்லை என்று அம்மா சொன்னதால், மேலே சொன்ன அதே எல்இடி பட்டையில் ஒரு துண்டை வெட்டிப் பக்கத்தில் ஒட்டலாம் என்றிருந்தேன். வரைபடத்தில் 18 என்று குறித்து வைத்ததை அடித்துவிட்டு 10 என்று எழுதிவிட்டேன்.