பதில்: வேனின் முன்பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும் – வெள்ளிக்கிழமை அச்சகம்

மொழிபெயர்ப்பாளர், ஹட்டன் – திங்கள் காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை வேன் சாரதிகளுக்கான ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்குகிறேன். வேனுக்குள் எந்தப் பொருளை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதுதான் விடயம். மொத்தம் இரண்டே பக்கம். வெள்ளிக்கிழமை பகல் அச்சகத்திடம் கொடுத்தாக வேண்டும்.

பெரும்பாலானவை தாமாகவே வந்துவிட்டன. பைகளை ஆசன முதுகைவிட உயரமாக அடுக்காதீர்கள். சாரதியின் காலடியில் போத்தல் உருள விடாதீர்கள், பிரேக் மிதிக்கு அடியில் சிக்கும். லைட்டரையும் வாசனைத் தெளிப்பானையும் வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டுப் போகாதீர்கள். இடிப்பது ஒரே ஒரு பொருள். முன் ஆசனத்தில் இருப்பவரின் முழங்காலுக்கு நேரே, மூடியோடு இருக்கும் பெட்டி. ஆங்கிலத்தில் அதன் பெயரில் கையுறை இருக்கிறது. நம் சாரதிகள் ‘டேஷ்போர்ட்’ என்கிறார்கள். அதன் மேல்தட்டுக்கும் அதே பெயர்தான். மூலத்திலோ இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன: மேல்தட்டில் எதையும் வைக்காதே, பெட்டிக்குள் வை, வைத்தபின் மூடு. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பண்டாரவளை – திங்கள் காலை 9.15

மகள், ‘கையுறைப் பெட்டி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கூரையில்லாத பழைய கார்களை ஓட்டியவர்கள் கையுறை அணிந்தார்கள், கழற்றி வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது, அதனால் அந்தப் பெயர். அது அவர்கள் கதை. தமிழில் கையுறை என்றால் முதலில் கையில் கொண்டுபோகும் காணிக்கை. தலைவன் தோழியிடம் தழையும் பூவும் கொண்டுவருவான். அவள் வாங்க மறுப்பாள். கையுறை மறுத்தல் என்று அதற்கு ஒரு துறையே இருக்கிறது. குறுந்தொகையின் முதற்பாட்டை எடுத்துப் பாருங்கள். அவன் காந்தள் கொண்டுவருகிறான். எங்கள் குன்றிலேயே அது நிறைந்து கிடக்கிறது, உன் பூ எதற்கு என்கிறாள் தோழி. குறிஞ்சித் திணைப் பாட்டு. மலையில் இருந்துகொண்டு நாமே இதை மறக்கலாமா? காந்தள்தான் கார்த்திகைப்பூ என்பதையும் இந்த இடத்தில்

(மன்னிக்கவும், மின்சாரம் போய்விட்டது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.)

கராஜ்காரன், நாவலப்பிட்டி – திங்கள் பகல் 12.50

சேர் சொன்னது அழகாக இருக்கிறது. நான் பொருளைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் பாருங்கள்.

மூக்கில்லாத வேன்களில், டொயோட்டா டொல்பின் உட்பட, எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் இந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் பெரிது. மூடியின் கீல் கீழ்ப்பக்கம். மேலே ஒரு பிளாஸ்டிக் நாக்கு, அது கவ்வினால் மூடி நிற்கும். பழைய வண்டிகளில் முதலில் தேய்வது அந்த நாக்குத்தான். சாரதிமார் என்னிடம் வரமாட்டார்கள். பஸ் டிக்கெட்டையோ சிகரெட் பெட்டி அட்டையையோ நாலாக மடித்து இடுக்கில் செருகுவார்கள். ரம்பொட இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்த அட்டை விழுந்து, மூடி திறந்து, முன்னால் இருந்த பிள்ளையின் முழங்காலில் அடித்த வண்டி ஒன்று என் கராஜுக்கு வந்தது. பெட்டிக்குள் இருந்தவை: ஒரு ஸ்குரூடிரைவர், வருமான அனுமதிப்பத்திரப் பிரதி, திருநீற்றுப் பொட்டலம், இரண்டு லைட்டர், சாரதியின் மனைவியின் ஒற்றைச் செருப்பு. செருப்பு ஏன் என்று நான் கேட்கவில்லை.

தனித்தமிழ் ஆர்வலர், மாத்தளை – திங்கள் இரவு 8.05

இதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு? பேழை. மூடியுள்ள பெட்டிக்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் அது. நோவாவின் கப்பலைக்கூடப் பேழை என்றுதானே மொழிபெயர்த்தார்கள்? முன்பேழை. முடிந்தது.

விஞ்ஞான ஆசிரியை, தலவாக்கலை – திங்கள் இரவு 8.20

ஐயா, இங்கே பத்திரிகையில் பேழை வரும் இடம் ஒன்றுதான்: பூதவுடல் தாங்கிய பேழை. பாடசாலை வேன் துண்டுப்பிரசுரத்தில் ‘பயணத்தின்போது பேழையை மூடியே வைத்திருங்கள்’ என்று அச்சடித்தால் பெற்றோர் பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போவார்கள்.

சொல்லோடு ஒரு கணக்கும் வேண்டும். வேன் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிறது, மோதி 0.1 செக்கனில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டாமல் கிடக்கும் 1 கிலோ தண்ணீர்ப் போத்தலை அதே நேரத்துக்குள் கையால் நிறுத்த வேண்டுமென்றால், ஏறத்தாழ 11 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அந்த ஸ்குரூடிரைவர் திறந்த பெட்டியிலிருந்து எப்படி வெளியே வரும் என்பதை என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகவே கொடுத்துவிட்டேன்.

மொழியியல் மாணவர், பேராதனை – செவ்வாய் காலை 10.30

வேற்றுமை உருபு செய்யும் வேலையைப் பெயர்ச்சொல்லிடம் கேட்கிறோம் என்று தோன்றுகிறது. ‘டேஷ்போர்ட்டின் மேல்’, ‘டேஷ்போர்ட்டுக்குள்’: மேலும் உள்ளும் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? பேசுபவர்கள் குழம்பவில்லை. குழம்புவது நாம்தான்.

மொழிபெயர்ப்பாளர், ஹட்டன் – செவ்வாய் பிற்பகல் 4.45

நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பி. அதனால் இன்று பாடசாலை விடும் நேரத்தில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்ற மூன்று வேன்காரர்களிடம் வாசித்துக் காட்டினேன். ‘மேல்’, ‘உள்’ இரண்டும் சரியாகப் போயின. மூன்றாவது வாக்கியம் ‘டேஷ்போர்ட்டை எப்போதும் மூடி வையுங்கள்’. ஒருவர் பெருமையோடு சிரித்தார்: “மூடித்தான் வைத்திருக்கிறேன், பாருங்கள்.” பார்த்தேன். மேல்தட்டு முழுவதும் சிவப்பு வெல்வெட் துணி, ஓரத்தில் பொன்னிறச் சரிகை, நடுவில் பிள்ளையார். கீழே பெட்டியின் வாய் திறந்தே கிடந்தது.

ஆகவே பெயர்ச்சொல்லும் வேண்டும், ‘மூடு’ என்ற வினையும் போக வேண்டும்.

தனித்தமிழ் ஆர்வலர், மாத்தளை – செவ்வாய் மாலை 6.10

பேழையை விட்டுவிடுகிறேன். மாடம்? சுவரில் விளக்கு வைக்கும் குழி மாடம்தானே. வண்டியின் முன்சுவரில் இருக்கும் குழியும் மாடம்தான். ‘முன்மாடம்’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு இனிக்கிறது.

விஞ்ஞான ஆசிரியை, தலவாக்கலை – செவ்வாய் மாலை 6.25

மாடத்துக்கு மூடி ஏது? துண்டுப்பிரசுரமே மூடியைப் பற்றியது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பண்டாரவளை – செவ்வாய் இரவு 9.00

‘மடி’ என்று ஒன்று நினைத்தேன். வெற்றிலையை மடியில் வைப்பது போல. பிறகு வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே பாடியது நினைவுக்கு வந்தது. அங்கே மடி என்றால் சோம்பல். சோம்பலைத் திறந்து வைக்காதீர்கள் என்பதும் சாரதிகளுக்கு நல்ல புத்திமதிதான். ஆனால் வேறு துண்டுப்பிரசுரம்.

கராஜ்காரன், நாவலப்பிட்டி – புதன் காலை 6.30

லாச்சி என்று சொன்னால் என்ன? மேசை லாச்சி, அலுமாரி லாச்சி, காசு லாச்சி. கடைக்காரனுக்கும் தெரியும், வேன்காரனுக்கும் தெரியும். என்னிடம் வேலை செய்யும் சிங்களப் பையனும் அவன் மொழியில் லாச்சுவ என்றுதான் சொல்கிறான். முன்னால் இருப்பதால் முன்லாச்சி.

மொழியியல் மாணவர், பேராதனை – புதன் காலை 8.10

அருமை, அண்ணா! அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் சிறிய இழுப்பறையை லாட்யெ என்பார்கள். சிங்களத்துக்கும் நமக்கும் வந்தது அங்கிருந்துதான். கந்தோரும் கக்கூசும் அவர்கள் தந்தவையே. அலுமாரியும் மேசையும் சாவியும் அவர்களுக்கு முந்திய போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை. ஒல்லாந்தச் சொல், தமிழ் முன்னொட்டு, ஜப்பான் வேன். ஜப்பானியர்கூட ஆங்கிலப் பெயரையே ‘குரோபு பொக்குசு’ என்று தங்கள் வாய்க்குத் திருத்திக்கொண்டார்கள் என்பதையும் இங்கே

தனித்தமிழ் ஆர்வலர், மாத்தளை – புதன் காலை 8.40

தம்பி, மூச்சு விடுங்கள். எனக்கு இரண்டு மறுப்புகள். ஒன்று, லாச்சி வெளியே இழுபடும். இந்த மூடி கீழே விழும். இரண்டு பொருள்களும் ஒன்றல்ல. இரண்டு, தமிழில் ர, ல இரண்டும் சொல்லுக்கு முதலில் வராது. இராமன், இலக்குவன் என்று கடவுள்களுக்கே இகரம் போட்ட மொழி இது. ஒரு வேன் பெட்டிக்காக விதியை உடைக்க முடியாது. கொள்வதானால் இலாச்சி என்று கொள்ளுங்கள்.

விஞ்ஞான ஆசிரியை, தலவாக்கலை – புதன் காலை 8.55

ஐயா, நாங்கள் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். 2023இல் மலையகத்துக்கு 200 ஆண்டு என்று நடந்தோமே, அந்த ஊர்வலத்தில் எந்தப் பதாகையிலும் ‘இலயம்’ என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்கே போடாத இகரத்தை வேன் பெட்டிக்குப் போடவா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பண்டாரவளை – புதன் முற்பகல் 11.20

விதியை உடைக்கவும் வேண்டாம், கடைப்பிடிக்கவும் வேண்டாம், புணர்த்திப் பாருங்கள். முன் + இலாச்சி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். முன்னிலாச்சி. ‘முன்னிலாச்சியைச் சாத்தி வையுங்கள்’ என்று வேகமாக வாசியுங்கள். முன் ஆசனத்தில் யாரோ ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பது போலவும், அவரை நாம் சாத்து சாத்து என்று சாத்துவது போலவும் கேட்கிறது. இகரம் இல்லாமல் முன்லாச்சி என்றால் ஆச்சிக்கு ஆபத்தில்லை. நான் முன்லாச்சிக்கு வாக்களிக்கிறேன். என் ஆசிரியர் உயிரோடிருந்தால் என்னை மன்னித்திருக்கமாட்டார்.

மொழிபெயர்ப்பாளர், ஹட்டன் – புதன் பகல் 1.00

சேர், ‘சாத்து’ என்ற வினையை எனக்குத் தந்தீர்கள், அதற்கு முதல் நன்றி. ‘முன்லாச்சியின் கதவைச் சாத்தி வையுங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். கதவைச் சாத்துவது என்றால் யாரும் வெல்வெட் துணி தேடமாட்டார்கள்.

இழுபடும், விழும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த மூன்று வேன்காரர்களிடம் இன்று காலை முன்லாச்சி எங்கே என்று கேட்டேன். மூன்று பேரும் கையை நேரே அங்கேதான் நீட்டினார்கள். ஒருவர் மட்டும் ‘அதைப் போய் லாச்சி என்றால் சிரிப்பாக இருக்கிறது’ என்றார். சிரித்துக்கொண்டே காட்டினார்.

இன்னொன்று மீதி இருக்கிறது. கோப்பை தாங்கி. கோப்பையைத் தவிர வேறெதையும் அதில் வைக்காதீர்கள், சூடான தேநீரை மூடியில்லாமல் வைக்காதீர்கள் என்பது கட்டளை.

மொழியியல் மாணவர், பேராதனை – புதன் பகல் 1.15

எச்சரிக்கை: யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோற்றுத் தட்டு.

கராஜ்காரன், நாவலப்பிட்டி – புதன் பகல் 1.40

யாழ்ப்பாணத்துப் பிள்ளை யாரும் ஹட்டன் வேனில் சோற்றைத் தட்டோடு கொண்டுபோகமாட்டாள். போட்டுவிடுங்கள், தங்கச்சி.

தனித்தமிழ் ஆர்வலர், மாத்தளை – வியாழன் இரவு 10.30

பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பது தெரிகிறது. உறங்கப் போகுமுன் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்: இகரம் வேண்டும். துணிமாட்டும் கொளுக்கியில் கடினமான எதையும் தொங்கவிடாதே என்ற வாக்கியத்தையும் பார்த்தேன். கொளுக்கி நல்ல தமிழ். கொக்கி என்று மாற்றச் சொல்லி யாரும் வந்தால் நான் இங்கேதான் இருப்பேன்.

மொழிபெயர்ப்பாளர், ஹட்டன் – அடுத்த புதன் மாலை 5.20

துண்டுப்பிரசுரம் வந்துவிட்டது. இன்று பாடசாலை வாசலில் கொடுத்தோம். வெல்வெட் துணிக்காரர் இரண்டு பக்கத்தையும் நின்ற இடத்திலேயே வாசித்தார், முன்லாச்சி என்ற இடத்தில் தலையை ஆட்டினார். லைட்டரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்து, தேய்ந்த நாக்கின் இடுக்கில் செருகி, மூடியை ஒரு தட்டுத் தட்டினார். இப்போது சாத்தியே இருக்கிறது.

கராஜ்காரன், நாவலப்பிட்டி – அடுத்த புதன் மாலை 5.35

அந்த வண்டியை என்னிடம் அனுப்புங்கள். நாக்கை நான் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.

தனித்தமிழ் ஆர்வலர், மாத்தளை – அடுத்த புதன் மாலை 5.50

இகரம் போட்டுத் திருத்திய தாள் ஒன்றையும் அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.